நொதியும் பூஞ்சை மருந்தும்: சேர்த்து உண்ணலாமா?

எங்கள் மருந்தகச் சாளரத்தில் மருந்துச் சீட்டை நீட்டும் கை, சில நாட்களில் அதனுடன் ஒரு புட்டியையும் சேர்த்து நீட்டுகிறது. ‘இயற்கை நொதிகள்’ என்றோ, ‘ஈஸ்டைக் கரைக்கும் என்சைம்’ என்றோ அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். உறவினர் வாங்கித் தந்தார் என்பர். உடன் வேலை பார்ப்பவர் சொன்னார் என்பர். “இதை அந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா? இல்லை, இது மட்டுமே போதுமா?” என்று கேட்பர். வரிசையில் பலர் காத்திருக்க, இரண்டு நிமிடத்தில் இதற்கு விடை கூற இயல்வதில்லை. ஆகவே இவ்விதழில் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

எங்களை எழுதத் தூண்டியவர் ஒரு பெண்மணி. அடையாளங்களை மாற்றியே அவரைப் பற்றிக் கூறுகிறோம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் சுழற்சி முறையில் பணிபுரிபவர். ஓராண்டில் நான்கு முறை அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்து துன்புற்றவர். ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிச் சமாளித்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது, பரிசோதனையில் கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை உறுதியாயிற்று. இரத்தச் சர்க்கரையும் மிகுந்திருந்தது. அதுவரை அவர் அதை அறியவில்லை. சர்க்கரைக்கு மருந்தும், ஆறு மாதங்களுக்கு வாரம் ஒரு முறை ஃபுளுகோனசோல் மாத்திரையும் அளிக்கப்பட்டன. இரண்டாம் மாதத்தில் அரிப்பு முற்றிலும் நின்றுவிடவே, மாத்திரையை நிறுத்திவிட்டு, தோழி ஒருவர் தந்த நொதிக் குளிகையைத் தொடங்கியிருக்கிறார். “மாத்திரை மேலே இருப்பதைத்தான் கொல்லும், இது வேரையே கரைக்கும்” என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நான்காம் மாதத்தில் முன்னிலும் கடுமையான தொற்றுடன் திரும்பி வந்தார். “புட்டியில் எழுதியிருப்பது பொய்யா?” என்று அவர் கேட்டார்.

பொய் என்று ஒரே சொல்லில் எங்களால் கூற இயலவில்லை. அந்தக் கூற்றின் அடியில் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுக்கும் அந்தப் புட்டிக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

நம் வீட்டு நொதி

நொதி என்பது பெரும்பாலும் புரதத்தால் ஆன ஒரு கருவி. உயிருள்ள செல்கள் அதைச் செய்கின்றன. ஒரு பொருளை வெட்டவோ ஒட்டவோ மாற்றவோ அது உதவும். வேலை முடிந்ததும் தான் அழியாமல் அடுத்த வேலைக்குச் செல்லும். நம் மாவட்டத்தில் இதற்கு எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கெட்டியாகக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழில், முளைகட்டி உலர்த்தி அரைத்த கேழ்வரகு மாவைச் சிறிதளவு தூவிக் கிளறினால், சற்று நேரத்தில் கூழ் இளகி நீர்த்துவிடும். முளைத்த தானியத்தில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டாக்குவதே காரணம். குழந்தைக்குக் குறைந்த நீரில் மிகுந்த மாவைச் சேர்த்து ஊட்ட இந்த முறை உதவுகிறது. கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ்த் தொழிலில் பணிபுரிவோர் பெக்டினேஸ் என்ற பெயரை அறிந்திருக்கலாம். பழச்சாறு தெளியச் சேர்ப்பது அது. துணி துவைக்கும் தூளில் கறையை நீக்கச் சேர்ப்பதும் நொதிதான்.

ஆனால் ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலைதான் தெரியும். கூழை இளக்கும் அமைலேஸ், பாலில் உள்ள புரதத்தைத் தொடாது. பூட்டும் சாவியும் போல நொதியும் அது வெட்டும் பொருளும் பொருந்த வேண்டும் என்று 1894-இல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வேதியியலறிஞர் விளக்கினார். பிற்காலத்து அறிவியல் அந்த உவமையைச் சற்றுத் திருத்தியிருப்பினும், நமக்கு இங்கே அது போதுமானது.

பூஞ்சையின் மதில்

கேண்டிடா நமக்குப் புதிய பகைவன் அன்று. நலமாக உள்ள பலருடைய வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் அது அமைதியாக வாழ்கிறது. சர்க்கரை மிகும்போதும், கிருமிக்கொல்லி மருந்துகள் நல்ல பாக்டீரியாக்களை அழிக்கும்போதும், கர்ப்பக் காலத்திலும், உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போதும் அது பெருகி நோயாகிறது. வாயில் தயிர் ஏடு போல் வெண்படலம், பெண்களுக்குத் தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப்படுதலும் அரிப்பும், ஆண்களுக்கு ஆணுறுப்பின் முனையில் சிவந்த புண், வியர்வை தேங்கும் தோல் மடிப்புகளில் எரிச்சல் என இடத்துக்கு ஏற்ப அதன் முகம் மாறும். வட்ட வட்டமாகப் பரவும் படர்தாமரை வேறு வகைப் பூஞ்சையால் வருவது. இக்கட்டுரை அதைப் பற்றியதன்று.

ஈஸ்ட் செல்லைச் சுற்றி உறுதியான ஒரு சுவர் இருக்கிறது. நம் உடலின் செல்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. அச்சுவர் குளுக்கான், கைட்டின், மன்னான் புரதம் என்ற பொருட்களால் ஆனது. போதாக்குறைக்கு, கேண்டிடா ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வளரும்போது தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தையும் கட்டிக்கொள்கிறது. இதை உயிர்ப்படலம் என்கிறோம். பல்செட்டின் மேலும், சிறுநீர்க் குழாயின் மேலும், இரத்தக் குழாயில் செருகிய குழல்களின் மேலும் இப்படலம் உண்டாகும். தனித்து மிதக்கும் ஈஸ்டைக் கொல்லும் மருந்தளவு, படலத்தினுள் உள்ள ஈஸ்டை ஒன்றும் செய்யாமல் போகலாம்.

ஏன் என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெனியல் நெட், டேவிட் ஆண்டஸ் ஆகியோரின் குழு 2007-இல் ஒரு விடை தந்தது. படலத்தின் பசையில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் மாப்பொருள், ஃபுளுகோனசோலைத் தன்னோடு பிணைத்து நிறுத்திவிடுகிறது. மருந்து வாசலிலேயே சிறைப்பட்டுவிடுகிறது. உள்ளே இருக்கும் செல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. அந்தக் குளுக்கானை வெட்டும் குளுக்கனேஸ் என்ற நொதியைச் சேர்த்தபோது, அதே மருந்து மீண்டும் வேலை செய்தது. படலத்தில் சிதறிக் கிடக்கும் டி.என்.ஏ. இழைகளை வெட்டும் நொதியைக் கொண்டு ஐரோப்பிய ஆய்வாளர்கள் செய்த சோதனைகளிலும், ஆம்ஃபோடெரிசின் போன்ற மருந்துகளின் ஆற்றல் கூடியது.

இவற்றுக்கும் முன்னரே, 1997-இல், பிரான்ஸ் நாட்டின் ஜியோர்தானி குழுவினர் பப்பாளிப் பாலையும் ஃபுளுகோனசோலையும் சேர்த்துக் கேண்டிடா அல்பிகன்ஸ் மேல் சோதித்தனர். இரண்டும் தனித்தனியே தடுத்ததைவிடச் சேர்ந்து மிகுதியாக அதன் வளர்ச்சியைத் தடுத்தன. பப்பாளிப் பால் ஈஸ்டின் சுவரைச் சிதைத்து மருந்துக்கு வழிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். புட்டியில் எழுதியிருக்கும் வாசகத்தின் மூதாதை இத்தகைய ஆய்வுகளே. அவை நேர்மையான ஆய்வுகள். ஆனால் அவை கண்ணாடித் தட்டிலும் வளர்ப்பு நீர்மத்திலும் நிகழ்ந்தவை.

அந்தப் பெண்மணி கொண்டுவந்த புட்டியின் பின்புறத்தைப் படித்தோம். முதலில் இருந்த பெயர் செல்லுலேஸ். செல்லுலேஸ் வெட்டுவது செல்லுலோசை. அது தாவரங்களின் சுவரில் உள்ள பொருள். கேண்டிடாவின் சுவரில் செல்லுலோஸ் இல்லை. செல்லுலோசும் ஈஸ்டின் குளுக்கானும் குளுக்கோசால் ஆனவைதாம். எனினும் கண்ணிகளின் இணைப்பு வேறு. கதவு வேறாக இருக்கும்போது சாவி எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனில்லை. அடுத்திருந்தவை புரோட்டியேஸ், அமைலேஸ். இவை உணவுச் செரிமானத்துக்குரிய நொதிகள். குளுக்கனேஸ் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. இருந்திருந்தாலும் வேறொரு தடை எஞ்சியிருந்திருக்கும். அதுவே முதன்மையானது.

வாய் வழியே சென்றால் எங்கே போய்ச் சேரும்?

நொதி ஒரு புரதம் என்றோம். நாம் உண்ணும் பருப்பும் முட்டையும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் என்ன ஆகின்றனவோ, பெரும்பாலான நொதிகளும் அதுவே ஆகின்றன. அமிலத்தில் கரையாத மேலுறை கொண்ட குளிகையாக்கினால் குடல் வரை செல்லும். ஆனால் குடலின் சுவரைத் தாண்டி, முழு வடிவத்தோடு இரத்தத்தில் கலந்து, பிறப்புறுப்பிலோ நகத்தடியிலோ உள்ள பூஞ்சையை வேலை செய்யும் அளவில் சென்றடைவது வேறு செய்தி. கண்ணாடித் தட்டில் நொதியை ஆய்வாளர் நேராகப் பூஞ்சையின் மேல் ஊற்றுகிறார். தேவைப்படும் அளவில், தேவைப்படும் நேரம் வரை அது அங்கே நிற்கிறது. விழுங்கிய குளிகைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இதனால் நொதிகள் மருந்தாகவே மாட்டா என்று பொருளன்று. மாரடைப்பில் இரத்தக் கட்டியைக் கரைக்க நரம்பு வழியே செலுத்தும் மருந்துகள் நொதியின் வேலையைக் கொண்டே இயங்குகின்றன. கணையம் பழுதானவர்களுக்கு உணவோடு தரப்படும் குளிகைகளில் உள்ளவை நொதிகளே. பிறவி நுரையீரல் நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் கெட்டிச் சளியை இளக்க, டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை மூச்சு வழியே தருவதற்கு 1993-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இவை அனைத்திலும் நொதி எங்கே வேலை செய்ய வேண்டுமோ அங்கேயே கொண்டு சேர்க்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். இரத்தக் கட்டிக்கு இரத்தத்தில், சளிக்கு நுரையீரலில், உணவுக்குக் குடலில்.

பட்டுப்புழுவின் பெயரால்

நம் பகுதியில் இதைப் பேசும்போது பட்டுப்புழுவைத் தவிர்க்க இயலாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டைப் பக்கங்களில் முசுக்கொட்டை வளர்த்துப் புழு வளர்க்கும் குடும்பங்கள் பல எங்களிடம் சிகிச்சைக்கு வருகின்றன. கூட்டைக் காலத்தில் அவிக்காமல் விட்டால் அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியேறிவிடும், நூல் அறுந்து கூடு விலை போகாது என்பது அவர்கள் அறிந்ததே. அந்துப்பூச்சி தன் வாயிலிருந்து சுரக்கும் கொக்கூனேஸ் என்னும் நொதியைக் கொண்டு, கூட்டின் பட்டுப் பசையை இளக்கி வழி செய்துகொள்கிறது.

செர்ரேஷியோபெப்டிடேஸ் என்ற மாத்திரையை உங்களில் பலர் உண்டிருப்பீர்கள். பல் பிடுங்கிய பின்னும் அடிபட்ட வீக்கத்துக்கும் வலி மாத்திரையோடு சேர்த்து அது எழுதப்படுவதுண்டு. “அந்துப்பூச்சி கூட்டைக் கரைக்கும் நொதி இது, ஆகவே உடலில் உள்ள வேண்டாத எதையும், பூஞ்சைப் படலத்தையும், கரைத்துவிடும்” என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இதில் இரண்டு செய்திகள் குழம்பிக் கிடக்கின்றன. கூட்டைக் கரைப்பது அந்துப்பூச்சியே சுரக்கும் கொக்கூனேஸ். செர்ரேஷியோபெப்டிடேஸோ, பட்டுப்புழுவின் குடலில் வாழும் செர்ரேஷியா என்ற பாக்டீரியாவிலிருந்து 1960-களின் இறுதியில் ஜப்பானியர் பிரித்தெடுத்தது. அதை விற்றுவந்த டகேடா என்ற ஜப்பானிய நிறுவனம், பின்னாளில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த சோதனைகளில் தெளிவான பயன் தெரியாமையால், 2011-இல் தன் நாட்டுச் சந்தையிலிருந்து அதைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. வீக்கத்துக்கே நிலை இதுவெனில், பூஞ்சைக்கு அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது எவ்வளவு பொருந்தும் என்பதைப் பட்டு விவசாயிகளின் கணக்கறிவுக்கே விட்டுவிடுகிறோம்.

பப்பாளிக்கும் இப்பகுதியோடு தொடர்பு உண்டு. காய்த்த பப்பாளியை விடியற்காலையில் கீறி, வடியும் பாலைச் சேகரித்து உலர்த்தினால் கிடைப்பது பப்பேன். இதற்கென்றே கோ.2, கோ.5 என்ற வகைகளைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1978-இல் பெங்களூரில் கிரண் மஜும்தார் தொடங்கிய பயோகான் நிறுவனம் முதலில் செய்த பொருட்களுள் பப்பேனும் ஒன்று. மது வடிப்போர் பீரைத் தெளிவிக்க அதை வாங்கினர். பிற்பாடு அந்நிறுவனத்தின் வளாகம் எழுந்ததும் நாம் நாள்தோறும் பயணிக்கும் ஓசூர் சாலையில்தான். தொழிலில் பப்பேனின் மதிப்பை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் புண்களின் மேல் பூசப்பட்ட பப்பேன் களிம்புகள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியதால், ஒப்புதல் பெறாத அத்தகைய களிம்புகளை நிறுத்துமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் உத்தரவிட்டது. இரப்பர் கையுறை ஒவ்வாதவர்களுக்குப் பப்பாளியும் ஒவ்வாமல் போக வாய்ப்பு மிகுதி. கையுறை அணிந்தே நாள் முழுதும் வேலை செய்வோர் இதை நினைவிற் கொள்க.

பழுத்த பப்பாளியை உண்பதில் இவ்வளவு அச்சம் தேவையில்லை. கனியும்போது பால் குறைந்துவிடுகிறது. ஆனால் காயின் பாலையோ, வீட்டில் செய்த ‘என்சைம் நீரை’யோ பிறப்புறுப்பின் உள்ளே இடுவது கூடாது. புரதத்தை வெட்டும் நொதிக்குப் பூஞ்சையின் புரதம், நம் மென்தோலின் புரதம் என்ற வேறுபாடு தெரியாது. எரிந்து புண்ணான மென்தோலில் பூஞ்சை இன்னும் எளிதாக வேரூன்றும். குளிகையை உண்டபின் உடல் தடிப்பதையும் மூச்சு இழுப்பதையும் “ஈஸ்ட் சாகும் அறிகுறி, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சிலர் கூறுகிறார்களாம். பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

மாத்திரை செய்வதும் செய்யாததும்

இவ்வளவும் கூறிவிட்டு, மருந்தை மட்டும் குறையற்றது என்று புகழ்வது நேர்மையாகாது. மீண்டும் மீண்டும் வரும் தொற்றுக்கு வாரம் ஒரு முறை ஃபுளுகோனசோல் தருவதை 387 பெண்களிடம் சோதித்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியாயிற்று. ஆறு மாத மருந்து முடிவில், மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 90 பேருக்குமேல் தொற்றின்றி இருந்தனர். வெற்று மாத்திரை உண்டவர்களில் 36 பேர். ஆனால் மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் சென்றபின், முதற்பிரிவினரில் தொற்றின்றி எஞ்சியவர்கள் நூற்றுக்கு 43 பேரே. மருந்து உண்ணும்வரை நன்றாகக் காக்கிறது. நிறுத்திய பின் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்பி வருகிறது. நோயாளிகள் வேறு வழி தேடுவதற்கு இதுவே காரணம் என்பதை நாங்கள் உணர்கிறோம். அந்தப் பெண்மணி அறியாமையால் மாத்திரையை நிறுத்தவில்லை, களைப்பால் நிறுத்தினார்.

ஆயினும் அவர் நிறுத்தியது இரண்டாம் மாதத்தில். அரிப்பு நின்றதைக் கண்டு பூஞ்சை ஒழிந்தது என்று எண்ணிவிட்டார். அறிகுறி நிற்பதற்கும் தொற்று அடங்குவதற்கும் இடையே காலம் தேவை.

மாத்திரை தவறிப்போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கேண்டிடாவில் பல இனங்கள் உள்ளன. க்ரூசை என்னும் இனத்துக்கு ஃபுளுகோனசோல் இயல்பாகவே பயன்படாது. கிளப்ராட்டா என்னும் இனத்துக்கு ஆற்றல் குறைவு. 2009-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டு, பின்னர் இந்திய மருத்துவமனைகளிலும் கண்டறியப்பட்ட கேண்டிடா ஆரிஸ் பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காதது. உலக சுகாதார அமைப்பு 2022-இல் வெளியிட்ட பூஞ்சைகளின் பட்டியலில் கேண்டிடா ஆரிஸும் கேண்டிடா அல்பிகன்ஸும் மிக முக்கியப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. இரத்தத்தில் பூஞ்சை கலந்து தீவிர சிகிச்சையில் உள்ளவர்களின் உறவினர் சிலர், எங்களிடம் நொதிக் குளிகை பற்றி வினவியதுண்டு. அந்நிலையில் உயிரைக் காப்பது நரம்பு வழி மருந்தும், தொற்றுப் படிந்த குழலை நீக்குவதுமே, வேறெதற்கும் நேரமில்லை.

தொற்று திரும்பினால், கடையில் அதே மாத்திரையை மீண்டும் வாங்காமல் எந்த இனம் என்று பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான். பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் அன்றே பார்த்துவிடலாம். வளர்த்து இனம் காண இரண்டு மூன்று நாட்களாகும்.

கல்லீரலின் நொதிகள்

புட்டியில் உள்ள நொதியைப் பற்றிக் கேட்பவர்கள், தம் கல்லீரலில் உள்ள நொதியைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் ஃபுளுகோனசோல் உண்பவர்களுக்கு அதுவே பெரிது. இம்மருந்து, பூஞ்சை தன் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்பைச் செய்ய உதவும் ஒரு நொதியை முடக்குகிறது. அந்த நொதிக்கு உறவான நொதிகள் நம் கல்லீரலிலும் உண்டு. நாம் உண்ணும் வேறு பல மருந்துகளை அவை சிதைத்து வெளியேற்றுகின்றன. ஃபுளுகோனசோல் அவற்றையும் ஓரளவு மெதுவாக்குகிறது.

விளைவு என்ன? சர்க்கரைக்குக் கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்பவர் ஃபுளுகோனசோலும் சேர்த்து உண்டால், சர்க்கரை மாத்திரை உடலில் கூடுதல் நேரம் தங்கும். சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். இரவுப் பணியில் உணவைத் தள்ளிப்போடுபவருக்கு, இயந்திரத்தின் முன் நிற்கையில் கை நடுங்கி வியர்த்துத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரத்தம் உறையாமைக்கு வார்ஃபரின் உண்பவருக்கு இரத்தக் கசிவு நேரலாம். அவரே புரதம் வெட்டும் நொதிக் குளிகையையும் சேர்த்து உண்டால், கசிவின் அபாயம் மேலும் கூடக்கூடும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக வாய்வழி ஃபுளுகோனசோலைத் தவிர்த்து, குளோட்ரிமசோல் போன்ற உள்வைப்பு மருந்தையே மருத்துவர் தேர்வார். நொதிக் குளிகையை அவர்கள் தாமாக உண்ணலாகாது.

இன்னொன்று. டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்னும் சர்க்கரை மாத்திரைகள், மிகையான சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் சிறந்த மருந்துகள். ஆனால் சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று, ஆண்களுக்கும், வரக்கூடும். சிறுநீர் கழித்தபின் நீரால் கழுவித் துடைத்து உலர வைப்பது இவர்களுக்கு மருந்தில் பாதி. கழிப்பறைக்குச் செல்லத் தயங்கி நீர் அருந்தாமலே பணிநேரத்தைக் கடத்தும் பெண்களிடமும், வியர்வையில் நனைந்த செயற்கை இழை உள்ளாடையோடு பன்னிரண்டு மணி நேரம் இருப்போரிடமும் இதையே கூறி வருகிறோம். மாத்திரையால் தொற்று வந்தது என்று ஐயமுற்றால் மருத்துவரிடம் கூறுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.

நொதி உண்மையில் உதவும் இடம்

பல்செட்டு அணிந்த முதியோரின் மேலண்ணத்தில், செட்டு படியும் அதே வடிவில் சிவந்து எரிவது பெரும்பாலும் கேண்டிடாவின் வேலை. வாயில் எத்தனை நாள் மருந்து தடவினாலும், செட்டின் நுண்துளைகளில் உயிர்ப்படலம் இருக்கும்வரை தொற்று திரும்பும். பல்செட்டை ஊறவைக்கும் மாத்திரைகள் சிலவற்றில் புரதம் வெட்டும் நொதி சேர்க்கப்படுகிறது. இங்கே நொதி வயிற்றையும் குடலையும் தாண்ட வேண்டியதில்லை. படலத்தின் மேல் நேராக விழுகிறது. வாயில் நிஸ்டாட்டின் அல்லது குளோட்ரிமசோல், குவளையில் நொதிக் கரைசல். நொதியும் பூஞ்சை மருந்தும் கைகோக்கும் முறை நடைமுறையில் எளிதாக அமைவது இங்கேதான்.

ஆனால் ஊறவைத்தால் மட்டும் போதாது. மென்மையான தூரிகையால் செட்டின் உட்புறத்தைத் தேய்த்த பின்னரே ஊறவைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீர் போதும். கொதிநீரில் நொதியும் கெடும், செட்டின் வடிவமும் மாறும். காலையில் நன்கு அலசிய பின்னரே அணிய வேண்டும். இரவில் செட்டோடு உறங்கும் பழக்கத்தை விட வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நம் உமிழ்நீரிலேயே லைசோசைம் என்னும் நொதி இருக்கிறது. 1922-இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் உலகுக்கு அறிவித்தது. உமிழ்நீர் வற்றிய வாயில் பூஞ்சை எளிதில் படிவதை நாங்கள் காண்கிறோம். சிறுகச் சிறுக நீர் அருந்தி வாயை ஈரமாக வைத்திருப்பது, அந்த இயற்கை நொதிக்கு நாம் செய்யக்கூடிய உதவி.

அந்தப் பெண்மணி மீண்டும் முதல் வாரத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். இம்முறை இனம் காணும் பரிசோதனையும் செய்யப்பட்டது. ஃபுளுகோனசோலுக்கு அடங்கும் வகையே என்று தெரிந்தது. மாத்திரை உண்ணும் கிழமையைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருப்பதாகக் கூறினார். அவருடைய சர்க்கரை மாத்திரையின் அளவை, ஃபுளுகோனசோலைக் கணக்கிற் கொண்டு, மருத்துவர் சற்று மாற்றியிருக்கிறார்.

ஓசூரில் குடியிருந்து, அத்திப்பள்ளியிலோ சந்தாபுராவிலோ பணிபுரிந்து, எல்லைக்கு இருபுறமும் மருத்துவம் பார்த்துக்கொள்வோர் எங்களிடம் வருவோரில் பலர். ஒரு மருத்துவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள சீட்டு வீட்டில் தங்கிவிடுகிறது. அடுத்த முறை வரும்போது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நொதிப் புட்டியும் அதில் இருக்கட்டும். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். மேசையின் மேல் பரப்பி வைத்து, பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்துகளை உங்களோடு சேர்ந்து படிப்போம்.